நாலெழுத்துப் பெயர்கள்

கேன்டீனில் மோகனப்ரியா தட்டோடு போய் உட்கார்ந்ததும் அந்த மேசையில் பேச்சு நின்றுவிட்டது. நின்ற பேச்சைச் சமாளிக்க ஒருத்தி சாம்பாரில் உப்பில்லை என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். போன்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. கொஞ்சம் முன்னால்தான் எல்லோரும் ஒரே போனைச் சுற்றித் தலையைச் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவும் இடத்திலிருந்தே அவள் அதைப் பார்த்திருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டால் யாரும் சொல்லப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் கொரியக் கம்பெனி அது. மோகனப்ரியா அங்கே மொழிபெயர்ப்பாளர். கொரிய அதிகாரிகள் உடைந்த ஆங்கிலத்தில் சொல்வதை உற்பத்தி லைனில் தமிழில் சொல்வாள். லைனில் தமிழில் சொல்வதை மேலே ஒழுங்கான ஆங்கிலத்தில் சொல்வாள். வேலை இவ்வளவுதான். ஆனால் நடுவில் நிற்கிறவளை இரண்டு பக்கமும் நம்புவதில்லை. மேலே எடுத்த முடிவு ஏதாவது கசிந்தால் மோனாதான் சொல்லியிருப்பாள் என்பார்கள். கீழே யாருக்காவது மெமோ வந்தால் மோனாதான் போட்டுக்கொடுத்திருப்பாள் என்பார்கள்.

மோனா என்பது கம்பெனி வைத்த பெயர். லைனுக்கு மேலே ஒரு திரை தொங்குகிறது. யாரிடம் வேலை தேங்குகிறதோ அவர் பெயர் அதில் சிவப்பாக வரும். ஒலிபெருக்கியில் ஒரு இயந்திரப் பெண் குரல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். நீளமான பெயர்கள் திரையில் அடங்கவில்லை, அந்தக் குரலுக்கும் அவை வாயில் நுழையவில்லை. அதனால் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு மிகாமல் ஒரு பெயர் என்று உத்தரவு வந்தது. அடையாள அட்டையிலும் அதுவே. அய்யாத்துரை ரே ஆனான். சுடலைக்கண்ணு சூடா ஆனான். டீ இடைவேளையில் யாராவது அவனைக் கூப்பிட்டால், எனக்கும் ஒரு கிளாஸ் என்று இன்னொருவன் குரல் கொடுப்பான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், பொறுமைசாலி. ஒரே ஒரு தடவை பெயரை மாற்றித் தரச்சொல்லி எச்.ஆரில் போய் நின்றான். திரும்பி வந்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

கேன்டீனில் என்ன ஓடுகிறது என்பது மறுநாள் அவளுக்குத் தெரிந்தது. எச்.ஆர். மேனேஜர் இராமச்சந்திரன் கூப்பிட்டனுப்பி, தன் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு சிற்றிதழின் இணையப் பக்கம். கதையின் பெயர் ‘அட்டை’. எழுதியவர் பெயர் வானமாமலை என்று இருந்தது, கம்பெனியில் அப்படி ஒருவர் இல்லை. சுங்குவார்சத்திரம் லாட்ஜுகளிலிருந்து படப்பை ஹாஸ்டல்கள் வரைக்கும் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் அது சுற்றுவதாகச் சொன்னார். ஆலைத் தலைவர் மிஸ்டர் ஹான் காதுக்கும் போயிருந்தது. அவர் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்கிறாராம்.

“இத இங்கிலீஷ்ல பண்ணிக் குடும்மா. அப்பிடியே எழுதினது யாருன்னும் பாரு. நீ இலக்கியம் படிச்ச பொண்ணு, நடைய வச்சே சொல்லிடுவே.”

நடையை வைத்து எப்படி சார் சொல்ல முடியும் என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவரிடம் பெயர் தயாராக இருந்தது. சூடாதான் எழுதியிருப்பான், அவன்தானே பெயரை மாற்றச் சொல்லி வந்து நின்றவன், அவள் ஒரு வார்த்தை ஆமாம் என்றால் போதும் என்றார். நிரந்தர மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்று சீக்கிரம் வரப்போகிறது என்பதையும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி, எழுந்து நின்றபடி சொல்லிவைத்தார். அவள் வெளியே வந்து பார்த்தபோது லைனில் சுடலைக்கண்ணுவின் இடத்தில் வேறொருவன் நின்றான். சுடலைக்கண்ணுவை அன்று காலையிலேயே குடோனுக்குப் பெட்டி அடுக்க அனுப்பியிருந்தார்கள்.

குன்றத்தூர் வீட்டில் காபி ஆறிப்போக அந்தக் கதையைப் படித்தாள். மாசானமுத்து என்று ஒருத்தன். அவன் குலசாமியின் பெயரும் அதுதான். அந்தச் சாமி கொடுத்த பிள்ளை என்று வைத்த பெயர். வடக்கே ஒரு கம்பெனியில் சேருகிறான். அங்கே அவனை மாசு ஆக்கிவிடுகிறார்கள். குரல் நாளெல்லாம் அவனை மாசு, மாசு என்று கூப்பிடுகிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறான். சாமியாடிக்கு அருள் வந்து, மாசானமுத்து எங்கடே என்று சாமி கேட்கிறது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் சும்மா நிற்கிறான். பக்கத்திலிருப்பவன் தள்ளிவிட்டதும் முன்னால் போகிறான். நீ யாருடே என்று சாமி கேட்கிறது. அவன் சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறான். சாமிக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அங்கேயே கதை முடிந்துவிட்டது.

மோகனப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது, மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். எம்.ஏ.யில் அவள் செய்த ஆய்வே இந்த மாதிரிக் கதைகளைப் பற்றித்தான். அடிமைப்பட்டிருந்த நாட்டுக்காரர்கள் விடுதலைக்கப்புறம் தங்களை எப்படி எழுதிக்கொண்டார்கள், தங்களை ஆண்டவர்களின் மொழியில் எழுதினார்களா, தங்கள் மொழியில் எழுதினார்களா என்று பக்கம் பக்கமாக எழுதினாள். படை போனபிறகும் பாஷை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு வரி எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்குப் பாராட்டும் வாங்கினாள். அதெல்லாம் எங்கேயோ கடலுக்கு அப்பால் யாருக்கோ நடந்தது என்றுதான் அப்போது அவள் நினைப்பு. இப்போது அது அவள் கழுத்தில் தொங்கும் அட்டை வரைக்கும் வந்திருந்தது. எழுதியவனைக் கண்டுபிடிக்கும் வேலையும் அவளிடமே வந்திருந்தது.

அம்மா காமாட்சியம்மாளிடம் பாதியைச் சொன்னாள். அம்மாவுக்கு மீதிப் பாதி தேவைப்படவில்லை.

“இன்னாத்துக்குடி உனுக்கு இந்த வம்பு? யாருன்னு தெரிஞ்சா சொல்லிட்டு உன் வேலயப் பாத்துகினு போ.”

தெரிந்தால்தானே சொல்வதற்கு என்றாள் மோகனப்ரியா.

அந்த வாரத்தில்தான் கவியா அவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கவியா பயிற்சித் தொழிலாளி. சேரப்பணஞ்சேரியில் தன் ஊர்ப் பெண்களோடு ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தினமும் கம்பெனி பஸ் அங்கே நிற்கும்போது ஏறி, பின்னால் போய்த் தென்மாவட்டத்துப் பெண்களோடு கலந்துவிடுவாள். மோகனப்ரியாவிடம் பேசியதே இல்லை. திடீரென்று ஒரு காலையில், எக்கா இங்கன உக்காரட்டா என்று கேட்டு உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். கேட்காமலே கடலைமிட்டாய் நீட்டினாள்.

மோகனப்ரியா மிட்டாயை வாங்கிக்கொண்டாள், ஆளை நம்பவில்லை. இராமச்சந்திரன் அனுப்பிய ஆள் என்றுதான் முதலில் நினைத்தாள். மோகனப்ரியா எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கலாம். அதனால் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வெயில், மழை, குன்றத்தூர் மலைக்கோயில் கூட்டம் என்றே ஓட்டினாள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கவியா தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஸ்டிக்கர் வெயிலுக்கு இளகிட்டு போல. பேரு கழண்டு விழுந்துட்டுக்கா. எங்கன கெடக்கோ.”

மோகனப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே வரி கதையில் இருந்தது. மாசானமுத்து முதல்நாள் வேலை முடிந்து வெளியே வரும்போது நினைப்பது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே அவளே தன்னைத் திருத்திக்கொண்டாள். ஹாஸ்டல் முழுக்கப் படித்த கதை, ஒரு வரி நாலு பேர் வாயில் ஒட்டிக்கொள்ளாதா? தன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவே இவள் அதைச் சொல்லியிருக்கலாமே?

இறங்கும் நேரத்தில்தான் கவியா அந்தக் கேள்வியைக் கேட்டாள். கதையை நீங்களும் படித்தீர்களாமே என்று சும்மா ஆரம்பித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்தச் சாமியாடியை ஆணாக நினைத்துப் படித்தீர்களா, பெண்ணாக நினைத்துப் படித்தீர்களா என்றாள். கதையில் அது எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. பெண்ணாகத்தான் நினைத்தேன் என்றாள் மோகனப்ரியா. கவியாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. உளவு பார்க்க வந்தவளுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. படித்ததோடு விட்டவளுக்கும் தோன்றாது.

அட்டையில் கவியாவுக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் கவி. யாரும், மோகனப்ரியா உட்பட, அதைக் கவனித்ததில்லை.

அன்றைக்கே அவள் மொழிபெயர்ப்பை முடித்தாள். முடித்தாள் என்பதைவிட மாற்றினாள் என்பது சரி. மாசு என்ற பெயருக்கு அர்த்தம் இருப்பதையே காட்டவில்லை. இயந்திரக் குரலின் தொல்லையைக் குறைத்தாள். கடைசியில் மாசானமுத்து சிரித்துக்கொண்டே தன் முழுப்பெயரைச் சொல்வதாகவும், சாமி திருநீறு பூசுவதாகவும் எழுதினாள். படித்தால் ஊர்த் திருவிழாவைப் பற்றிய நல்ல கதை என்று தோன்றும், யார் மேலும் கோபம் வராது. கவியாவையும் சுடலைக்கண்ணுவையும் காப்பாற்றுவதாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தன் வேலையையும் காப்பாற்றிக்கொள்வதாக யாராவது சொன்னால் அதற்கும் அவளிடம் மறுப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து மிஸ்டர் ஹான் அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஓய்வுபெறப் போகிற வயது. சத்தம் போட்டுப் பேசாதவர். அவள் கொடுத்த தாள்கள் மேசையில் ஒரு பக்கமும், அவர் போன் இன்னொரு பக்கமும் இருந்தன.

“உங்கள் கதையில் அவன் சிரிக்கிறான். போன் மொழிபெயர்த்ததில் அவன் சிரிக்கவில்லை. எது சரி?”

போன்தான் சரி என்றாள்.

“போனில் அவன் பெயர் பொல்யூஷன் என்று வருகிறது. பொல்யூஷன் வேலைக்குப் போனான், பொல்யூஷன் ஊருக்குப் போனான் என்று. போன் தப்பா?”

“இல்லை சார். தமிழில் மாசு என்றால் அதுதான் அர்த்தம்.”

அவர் போனை ஓரமாக நகர்த்தி வைத்தார். நம் லைனில் மாசு என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மாசு இல்லை, சூடா இருக்கிறார் என்று சொல்லி, டீக்கிளாஸ் கிண்டலை அவள் விளக்கினாள். விளக்கும்போதே, எதற்கு இதைச் சொன்னோம், அவன் தலையில் இன்னொரு கல்லை வைத்துவிட்டோமோ என்று பதறினாள்.

அப்போது அவர் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரர்கள் கொரியாவை ஆண்டபோது எல்லோரும் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாத்தா அப்போது பள்ளிக்கூடத்தில். அவர்கள் போனபிறகு சொந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த ஜப்பானியப் பெயரைப் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. கடைசிக் காலத்தில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நர்ஸ் கூப்பிட்டாள், மகன் கூப்பிட்டார், பதில் இல்லை. கூடப் படித்த கிழவர் ஒருவர் பார்க்க வந்து, காதோரம் குனிந்து ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். தாத்தா உரக்க ‘ஹை’ என்று ஜப்பானிய மொழியில் பதில் சொல்லி, கட்டிலை விட்டு எழுந்து நிற்கப் பார்த்தார், வகுப்பில் வருகை எடுக்கும்போது நிற்பதைப் போல. ராணுவ சேவை முடித்து வந்திருந்த ஹான் அப்போது பக்கத்தில்தான் இருந்தாராம்.

“இந்த ஆலையில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று இந்தக் கதை எனக்குச் சொன்னது. எழுதியவரைப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லுங்கள்.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. மோகனப்ரியா அந்தக் கண்களையே பார்த்தாள். நம்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் தாத்தாவின் கதை, கவியாவின் கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அல்லவா பொருந்துகிறது? இலக்கியம் படித்த பெண், கதை சொன்னால் இளகிவிடுவாள் என்று இராமச்சந்திரன் சொல்லிக்கொடுத்திருந்தால்? தாத்தா உண்மையாகவே இருக்கட்டும், கண்ணீரும் உண்மையாகவே இருக்கட்டும். அதே மனிதர் நாளைக்குத் தலைமை அலுவலகம் கேட்டால் பெயரைச் சொல்லாமல் இருப்பாரா? உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் இதே தாத்தாவின் பேரன்தானே?

“எனக்குத் தெரியாது சார்.”

“தெரியும் என்று நினைக்கிறேன்,” என்றார் அவர். “பரவாயில்லை.”

கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கதையை உள்ளபடியே மறுபடி மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். இந்தத் தடவை அவள் எதையும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் சுடலைக்கண்ணு குடோனிலிருந்து லைனுக்குத் திரும்பி வந்தான். ஒரு சர்க்குலரும் வந்தது. முழுப்பெயர் வேண்டுகிறவர்கள் எச்.ஆருக்கு நேரில் வந்து சொன்னால் புது அட்டை தரப்படும், திரையிலும் மாற்றப்படும் என்று இருந்தது. மோகனப்ரியாதான் அதை லைனில் தமிழில் வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

ஒருவரும் போகவில்லை. நேரில் வா என்று ஏன் சொல்கிறார்கள் என்பதுதான் டீக்கடைகளில் பேச்சு. முதலில் போய் நிற்பவன்தான் கதை எழுதியவன் என்று முடிவு கட்டப்போகிறார்கள், இது வலை என்றார்கள். சுடலைக்கண்ணு தான் ஏற்கெனவே ஒருமுறை போய்வந்தாயிற்று என்று சொல்லிவிட்டான். பஸ்ஸில் கவியாவும் அது வலைதான் என்றாள்.

“சிரிச்சுக்கிட்டே கூப்பிடுதாவன்னாலே ஏதோ சூதுதான். நீங்களும் போயிராதீங்கக்கா.”

மோகனப்ரியா போனாள். தைரியம் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஏற்கெனவே சந்தேகப்படுகிற ஒருத்திக்குப் புதிதாக வந்து சேர என்ன இருக்கிறது என்று நினைத்தாள். வலைதான் என்றால் அதையும் பார்த்துவிடலாம். இராமச்சந்திரன் அவளைக் கண்டதும் நாற்காலியில் சாய்ந்து, “நீயா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடி அவள் இரண்டு மூன்று நாள் நிம்மதியில்லாமல் அலைந்தாள். ஆனால் அட்டை வந்துவிட்டது. இயந்திரக் குரல் ஒரு மதியம் அவளை மோக்கனா பிரய்யா என்று கூப்பிட, லைன் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் சுடலைக்கண்ணு போனான், அய்யாத்துரை போனான், பிறகு கூட்டமாகப் போனார்கள். அந்தக் குரல் ஒவ்வொரு பெயரையும் கடித்துக் குதறியது. ஆனாலும் கூப்பிட்டது.

கவியா மட்டும் போகவில்லை. கவி என்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கும்போது மிஸ்டர் ஹான் பணிக்காலம் முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பினார். அவர் போன பிறகு பயிற்சித் தொழிலாளர்களில் பாதிப்பேரை வைத்துக்கொண்டு பாதிப்பேரை அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களில் கவியா இருந்தாள். வருஷா வருஷம் நடப்பதுதான் என்றார் இராமச்சந்திரன். அவர் முகத்தில் மோகனப்ரியா எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா, ஹான் ஊகித்துச் சொன்னாரா, ஹாஸ்டலில் யாராவது வாய்விட்டார்களா, அல்லது உண்மையிலேயே வழக்கமான ஆள்குறைப்புதானா என்பது கடைசிவரைக்கும் தெரியவில்லை.

அன்று மாலை மோகனப்ரியா சேரப்பணஞ்சேரியில் இறங்கிக்கொண்டாள். கவியா பெட்டியோடு நிறுத்தத்தில் நின்றாள். கிளாம்பாக்கம் போய் ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.

“நீங்க சொன்னீங்களாக்கா?”

“இல்ல.”

“நாந்தான் எழுதுனேன்னு உங்களுக்குத் தெரியும், என்ன?”

“தெரியும். முதல் வாரத்துலயே தெரியும்.”

கவியா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்டெய்னர் லாரி ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது.

“இத்தன நாளா பக்கத்துல இருந்து மிட்டாய் தின்னுட்டு வந்தீங்க. தெரியும்னு ஒரு நாளும் காட்டிக்கல. அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நம்புதேன்னு என்னால சொல்ல முடியலக்கா.”

காட்டிக்கொள்ளாமல் இருந்ததுதான் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று மோகனப்ரியா நினைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்னும் சந்தேகமாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டாள். பஸ் வந்தது. பெட்டியை ஏற்ற அவள் கை கொடுத்தாள், கவியா மறுக்கவில்லை.

தை மாதத்தில் அதே சிற்றிதழில் கவியாவின் அடுத்த கதை வந்தது. இப்போது வானமாமலை இல்லை, அவள் சொந்தப் பெயர். கதையில் மொழிபெயர்ப்பாளராக ஒரு பெண் வந்தாள். நல்லவள், சிரித்த முகம், இரண்டு பாஷை தெரிந்தவள். இரண்டு பாஷையிலும் உண்மை சொல்லாதவள். கடைசியில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறாள். மோகனப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. நான் அதைச் செய்யவில்லையே என்று தனியாக இருக்கும்போதெல்லாம் வாதாடினாள். ஆனால் கதை நன்றாக இருந்தது. அந்தப் பெண் பொய் சொல்லும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வாள் என்று ஒரு இடம் வந்தது. துப்பட்டாவில் தனக்கும் அந்தப் பழக்கம் இருப்பதை மோகனப்ரியா அன்றுதான் கண்டாள்.

யாரும் கேட்காமலே அதை ஆங்கிலத்தில் செய்தாள். தன்னைப் பற்றிய வரிகளை மற்ற வரிகளைவிடக் கவனமாகச் செய்தாள், ஒன்றையும் தணிக்கவில்லை. முடித்ததும் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் கவியாவுக்கு அனுப்பினாள். பல நாள் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தது.

“சந்தேகம் இன்னும் போகலக்கா. அடுத்த கதையயும் நீங்களே இங்கிலீஷ்ல பண்ணுதீங்களா?”

இதில் உள்நோக்கம் என்னவாக இருக்கும் என்று மோகனப்ரியா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, அனுப்பு என்று பதில் போட்டாள்.